சிவப்புத் துணி கட்டிய கேன்

ஆறு நிமிஷமாக அந்தப் பெண் நடந்துகொண்டே இருக்கிறாள், இன்னும் வரப்பில் பாதிகூடத் தாண்டவில்லை. இந்த நடை நடந்தால் எந்தக் கங்காணி மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவான் என்று அமலோற்பவம் வாய்க்குள்ளேயே ஏசினாள். திரை முழுக்க வெள்ளை. மேலே வெளுத்த வானம், கீழே உப்புப் பாத்தி, நடுவே கறுத்த வரப்பு, வரப்பின்மேல் தலையில் உப்புத் தட்டோடு அசைந்து அசைந்து அந்தப் பெண். அந்தப் பெண் என்றால் வேறு யாருமில்லை, அமலோற்பவம்தானாம். படத்தை எடுத்த மகன் தஸ்நேவிஸ் போனில் அப்படித்தான் சொல்லியிருந்தான். "யம்மா, இது நம்ம படம்மா. நீயும் நானும் மட்டுந்தான். வேற ஒண்ணுமே கெடையாது." வேறு ஒன்றுமே கிடையாது என்பது வாஸ்தவம்தான். படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரமாகிறது, ஒரு பாட்டு இல்லை, ஒரு சண்டை இல்லை, ஒருத்தி ஒருத்தியைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னை வரைக்கும் ரயிலில் முதுகு ஒடிய வந்தது இதற்காகவா. அழைப்பு வந்தவர்கள் மட்டும் வந்து பார்க்கிற சின்னத் தியேட்டர் இது. அறுபது நாற்காலி இருக்கும், காலைக் காட்சி, ஐஸ் கம்பெனி மாதிரிக் குளிர். அவளைக் கல்யாணப் பெண்ணை உட்காரவைக்கிற மாதிரி முதல் வரிசையில் நடுவாக உட்காரவைத்திருந்தார்கள். எழுந்து போகவும் முடியாது. காலைப் பார், அந்தப் பெண்ணின் காலை. வெறுங்கால். உப்பளத்தில் வெறுங்காலோடு எவள் நடப்பாள். உப்பு கண்ணாடி மாதிரி வெட்டும், வெட்டிய இடத்தில் அந்த உப்பே ஏறும், ஏறினால் மாசக்கணக்கில் ஆறாது. உப்பளத்துப் பெண்களெல்லாம் பழைய சாக்ஸை இரண்டாகப் போட்டு அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அசிங்கம் என்றுதான் விட்டுவிட்டான்போல. அப்புறம் நடை. தட்டிலிருந்து உப்புத்தண்ணி கழுத்தில் வடியும், வடிய வடிய முதுகு அரிக்கும், ஓட்டமும் நடையுமாகப் போய் அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பினால்தான் மூச்சு விடலாம். மெதுவாக நடப்பது என்ற ஒன்று அவளுக்கு வாய்த்ததே இல்லை. இவனை வயிற்றில் வைத்துக்கொண்டுகூட ஓடினாள்.

"அம்மா, நான் சரியா நடக்கறேனா?" என்று பக்கத்தில் இருந்தவள் காதோரம் கேட்டாள். தாரிணி என்று பேர். திரையில் நடக்கிறவளே இவள்தான். நாடகத்தில் நடித்தவளாம், மாநிறத்துக்குக் கறுப்பு பூசி, பல்லில்கூட ஏதோ தடவி அமலோற்பவமாக ஆக்கியிருந்தார்கள். "நல்லாத்தான் நடக்கா" என்று சொல்லிவைத்தாள், யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோல. அந்தப் பிள்ளை என்ன செய்யும், பாவம். சொல்லிக்கொடுத்தவனைச் சொல்லவேண்டும். படத்தில் கொஞ்சம் முன்னால், இதே தாரிணி பையனை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துத் தலை சீவினாள். சன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தது. சீவினாள், சீவினாள், சீவிக்கொண்டே இருந்தாள். பின்வரிசையில் ஒரு ஆள் பெருமூச்சு விட்டு, "அப்படியே பெயிண்டிங் சார்" என்றான். பெயிண்டிங்காம். விடியுமுன் உப்பளத்துக்குப் போய்ச் சேரவேண்டியவள் எந்தக் காலத்தில் சன்னலோரம் உட்கார்ந்து தலை சீவினாள். ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் அவன் நாடி, வாயில் ஏச்சு. "ஆட்டாதல தலைய. ஆட்டுன, நாடிய ஒடைச்சிருவேன்." இரண்டு இழுப்பு, முடிந்தது. வாய் ஓயாத பொம்பளை என்றுதான் அவளுக்குத் தெருவில் பேர். காக்காயை ஏசினாள், குழாயை ஏசினாள், ராமேஸ்வரம் பக்கம் எவளோடோ போய்த்தொலைந்த புருஷனைப் பேர் சொல்லி ஏசினாள், சூரியனை ஏசினாள். திரையில் இருப்பவள் வாயே திறக்கவில்லை. ஊமைச்சியா அவள். பெற்ற தாயை ஊமைச்சி ஆக்கி, வெறுங்காலோடு நடக்கவிட்டு, அதை அறுபது பேருக்குக் காட்டுகிறான், அவர்களும் உச்சுக் கொட்டுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள். தாடையில் வலித்தது. கோபம் கோபமாக வந்தது, வந்த கோபம் போகிற இடம் தெரியாமல் குளிருக்கும் நாற்காலிக்கும் அந்தப் பெருமூச்சுக்காரனுக்கும் பகிர்ந்து போயிற்று. அடியில் இருப்பது கோபம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போன வாரம் போனை வைக்கப்போகும்போது அவன் சொன்னான், "அந்தக் கேன் விஷயமும் படத்துல இருக்கும்மா. நீ பயப்படாத." அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது வரப்பின் கடைசியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. வெள்ளைக்கு நடுவே பொட்டு வைத்த மாதிரி. தாரிணி நடக்க நடக்க அது பெரிதாகி, ஒரு பையன் தலையில் கட்டிய சிவப்புத் துணி ஆயிற்று. துணியைக்கூட விடவில்லையே பாவி. எத்தனையோ மறந்திருக்கிறான், சாக்ஸை மறந்தான், ஓட்டத்தை மறந்தான், அவள் வாயையே மறந்தான், இந்தத் துணி மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது. வாசலில் ஒட்டியிருந்த படத்தின் தாளிலும் இதேதான், வெள்ளைத் தாள், ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்ததுமே திரும்பி ஸ்டேஷனுக்குப் போயிருக்கவேண்டும். அந்தத் துணி அவளுடைய பழைய பாவாடையில் கிழித்தது. பூப்போட்ட சிவப்பு, ஓரம் பிரிந்தது. அது பையன் தலைக்கு என்று கிழித்தது இல்லை. வேண்டாம், அதை நினைக்கவேண்டாம். கங்காணியை நினைக்கலாம். கங்காணி ஒரு நாசமாய்ப் போனவன், அவன் மட்டும் அன்றைக்கு உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தண்ணி கேட்காமல் இருந்திருந்தால். பள்ளிக்கூடத்து டீச்சரை நினைக்கலாம், மே மாதம் லீவு விடாமல் இருந்திருந்தால். பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தை நினைக்கலாம், மூன்று நாள் இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று கேட்டதற்கு எனக்கு வேறு வேலை இல்லையா என்றவள். சூரியனை நினைக்கலாம். முப்பது வருஷமாக இவர்களை வரிசையாக நிற்கவைத்து ஏசிக்கொண்டு வந்திருக்கிறாள், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை, வரிசையும் முடியவில்லை. வரிசையின் கடைசியில் நிற்கிறவளைப் பார்க்கும்முன் எப்போதும் தலையைத் திருப்பிக்கொள்வாள். இங்கே தலையைத் திருப்பினால் தாரிணி. அந்தப் பக்கம் திருப்பினால் சுவர். இருபது அடி அகலத்துக்கு முன்னால் உப்பு. உப்பைப் பார்க்காதே, வரப்பைப் பார் என்றுதான் உப்பளத்துப் பிள்ளைகளுக்கு முதல் பாடம். உச்சிவெயிலில் உப்பைப் பார்த்தால் கண் வெந்துவிடும். அப்போது இவனுக்கு ஐந்து வயசு, சொல்லச் சொல்ல உப்பையே பார்த்தான். கப்பல் தெரியுதும்மா, ஆனை தெரியுதும்மா என்று அந்த வெள்ளையில் எதையெதையோ பார்த்தான். அன்றைக்கே இவன் சினிமா எடுக்க ஆரம்பித்துவிட்டான்போல.

உப்பளத்துக்குக் கூட்டிப்போன மூன்றாம் நாள் காலையிலேயே கண் சிவந்து நீர் வடிந்தது. வீட்டில் விட ஆள் இல்லை, கூட்டிப்போனாள். வெயில் ஏறினதும், தலைக்கு ஏதாவது கட்டுவோம் என்று பார்த்தால் கைக்கு அகப்பட்டது கேனில் கட்டியிருந்த சிவப்புத் துணி. உப்பளத்தில் எல்லாரிடமும் ஒரே மாதிரி மஞ்சள் எண்ணெய்க் கேன்தான். குடிதண்ணிக் கேனின் பிடியில் மட்டும் ஒரு துணி கட்டிவைப்பார்கள். உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும் பார்வைக்கு ஒன்றுதான், துணி இருந்தால் குடி, இல்லாவிட்டால் தொடாதே. பிறந்த பிள்ளைக்குத் தாய் யார் என்று தெரிவதுபோல அங்கே இருக்கிற ஒவ்வொருத்திக்கும் அது தெரியும். அந்தத் துணியை அவிழ்த்தது அவள் கை. பிள்ளை தலையில் கட்டிவிட்டு, "அவுத்த, கொன்னுருவேன்" என்று சொன்னது அவள் வாய். கொஞ்ச நேரம் பொறுத்து கங்காணி வந்து, கடைசிப் பாத்தித் தண்ணியை ஒரு கேனில் பிடித்து வை, டிகிரி பார்க்கணும் என்றான். பிடித்தாள். கூழ் மாதிரித் தடித்த உப்புத்தண்ணி. குடிதண்ணிக் கேன் பக்கத்திலேயே வைத்தாள். பதினோரு மணிவாக்கில் அவன் அலறினான், கண்ணுக்குள்ள மண்ணும்மா, மண்ணும்மா என்று. மண் இல்லை, வெந்த கண். தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஒரு கேனை எடுத்து, அவன் நாடியைப் பிடித்து அண்ணாத்தி, இமையை விரலால் விரித்து ஊற்றினாள். அவன் கத்திய கத்தில் நாலு பாத்தி தள்ளி இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எரிச்சல் அடங்கவில்லை என்று நினைத்து அவள். இல்லை. அது வேண்டாம். அங்கே அவள் மனசு எப்போதும் நின்றுவிடும், சண்டிமாடு ஓரிடத்தில் நிற்பதுபோல, அடித்தாலும் நகராது. நகர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். இரண்டு நாள் வீட்டு வைத்தியம் பார்த்து, புண்ணாகி, சீழ் வந்தபிறகு போன ஆஸ்பத்திரி. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, கண்ணில் என்ன பட்டது என்று கேட்டார், உப்புத்தண்ணி என்றாள். "அறிவிருக்கா, வெந்த கண்ணுல உப்புத்தண்ணிய ஊத்துனது யாரு?" செய்தி கேட்டு ஊரிலிருந்து வந்த மாமியார் பக்கத்தில் நிற்கிறாள். புருஷன் போனதற்கே இவளைக் காரணம் சொன்னவள். நாக்கு தானாகச் சொல்லிற்று. "அவனே எடுத்து ஊத்திக்கிட்டான் டாக்டர். நான் பாக்கலை." இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு அவள் மடியில்தான் உட்கார்ந்திருந்தான், கேட்டுக்கொண்டிருந்தான். வலது கண் பிழைத்தது, இடது கண்ணில் பூ விழுந்தது. அப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள், சொல்லச் சொல்ல அதற்குக் கையும் காலும் முளைத்தது. வெளையாட்டுப் பிள்ளை, தண்ணின்னு நெனச்சுட்டான். கொஞ்ச நாளில் அவனே சொல்ல ஆரம்பித்தான், நான்தான் தண்ணின்னு நெனச்சு ஊத்திக்கிட்டேன் என்று. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டிருந்தாள்.

திரையில் அந்தச் சீன் வந்துவிட்டது. வரப்பில் இரண்டு மஞ்சள் கேன் பக்கத்தில் பக்கத்தில். பையன் சிவப்புத் துணியோடு கண்ணைக் கசக்குகிறான். தாரிணி எங்கோ தூரத்தில் எறும்பாகத் தெரிகிறாள். கேமரா அசையவில்லை. பையன் தரையைத் தடவித் தடவி வருகிறான், கேனைத் தொடுகிறான், ஒன்றைத் தொட்டு, மற்றதைத் தொட்டு, மறுபடி முதலாவதைத் தொடுகிறான். அது இல்லல, அது இல்ல என்று அமலோற்பவத்தின் விரல் நாற்காலிக் கையை நகத்தால் கீறியது. தூக்க முடியாமல் தூக்கி, முகத்தில் சாய்க்கிறான். திரை வெள்ளை. ஒன்றுமில்லாத வெள்ளை. சத்தமும் இல்லை. அந்த வெள்ளைக்குள் அவளால் உட்கார முடியவில்லை. தாரிணி ஓடிவந்தாள், படத்தில் முதல்தடவையாக ஓடினாள், பையனை வாரி அணைத்தாள். எங்கிருந்து ஓடிவருகிறாய், நீ அங்கேயே இருந்தாய், உன் கை அவன் நாடியில் இருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தாரிணி அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டாள், ஆறுதலாம். கையைப் பிடுங்கிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. அத்தனையும் பொய், வெறுங்காலும் பொய், நடையும் பொய், சன்னல் வெளிச்சமும் பொய் என்று இத்தனை நேரம் எவனை ஏசினாளோ, அவன் மனசறிந்து எடுத்த பொய் இதில் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு பெரிய பொய் இருந்தது. அது இவள் எழுதிக்கொடுத்தது.

விளக்கு போட்டார்கள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. தஸ்நேவிஸ் திரைக்கு முன்னால் வந்து நின்றான். தலை கலைந்திருந்தது. முப்பத்தைந்து வயசாகியும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான் என்பதை அந்த நிலையிலும் அவள் கண் பார்த்தது. மைக்கைப் பிடித்து, ஊர்ப்பேச்சைக் கொஞ்சம் பட்டணமாக்கிப் பேசினான். "எல்லாரும் கேக்கறாங்க, படத்துல அந்த அம்மா ஏன் பேசவே இல்லைன்னு. எங்கம்மா முன்னாடிதான் உக்காந்திருக்காங்க. அவங்க பேசாம இருந்து நீங்க பாக்க முடியாது." சிரித்தார்கள். "எல்லாத்துக்கும் ஏசுவாங்க. பென்சில தொலைச்சா ஏசுவாங்க, தும்முனா ஏசுவாங்க. அஞ்சு வயசுல நான் பண்ணுன ஒரு தப்புல என் கண்ணு போச்சு, எங்கம்மாவோட பாதி வாழ்க்கை ஆஸ்பத்திரி வாசல்ல போச்சு. அதுக்கு மட்டும் என்னைய ஒரு வார்த்தை ஏசினதில்ல. இன்னிக்கு வரைக்கும் இல்ல. ஏம்லே இப்படிப் பண்ணுனன்னு ஒரு தடவை கேட்டதில்ல. அந்த மௌனத்த எடுக்கத்தான் நான் எட்டு வருஷம் அலைஞ்சேன்." மறுபடி கைதட்டினார்கள்.

ஆக, அதற்காகத்தான் ஊமைச்சி. அவள் வாயை அவன் மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே ஒரு இடத்தைப் பார்த்துவைத்து, அதைப் பாசம் என்று நினைத்து, அதன்மேல் ஒரு படத்தையே கட்டியிருக்கிறான். பாசமா அது. ஏச வாயெடுத்தால் உண்மை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், வேறென்ன. ஒரு தடவையாவது பொய்யாகவாவது ஏசியிருந்தால், இல்லம்மா நீதான என்று அவனுக்கு ஞாபகம் வந்திருக்குமோ என்னமோ. முப்பது வருஷமாகத் தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டவன் என்று அவன் நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் நொள்ளைக்கண்ணன் என்றபோது, போலீஸ் வேலைக்கு ஓடப்போய்க் கண் காரணமாகத் திரும்பி வந்தபோது, பெண் பார்த்த இடத்தில் வேண்டாம் என்றபோது, ஒவ்வொரு தடவையும் எந்தலைவிதி, நான் பண்ணுன வேலை என்றுதான் சொன்னான். அப்போதெல்லாம் அவள் அவன் தட்டில் மீன்துண்டு ஒன்று கூடுதலாக வைத்தாள். வரிசையின் கடைசியில் நின்றவளின் முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது. கங்காணிக்கும் சூரியனுக்கும் பகிர்ந்த கோபம் அத்தனையும் திரும்பிவந்து நெஞ்சில் ஏறி நின்றது.

ஒரு பெண் ஓடிவந்து அவள் கையில் மைக்கைத் திணித்தாள். "அம்மா, ரெண்டு வார்த்தை." அமலோற்பவம் அதை வாங்கித் தாரிணியிடம் கொடுத்தாள். நாலு பாத்திக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிட்ட குரலுக்கு மைக் எதற்கு.

"ஏல நேவிஸ், இங்க வா."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே வந்து, அவள் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தான். வலது கண் நனைந்திருந்தது. இடது கண்ணில் அந்த வெள்ளைப் பூ எப்போதும்போல.

"என்னம்மா?"

"அந்தச் சிவப்புத் துணி எங்கருந்து வந்துச்சு, தெரியுமா ஒனக்கு?"

"நீ கட்டிவிட்டதுதானம்மா. வெயிலுக்கு."

"கட்டிவிட்டேன். எதுல இருந்து அவுத்துக் கட்டுனேன்? குடிதண்ணிக் கேன்ல இருந்து."

அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் அது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அவனும் உப்பளத்தில் வளர்ந்தவன்தான். துணி இல்லாத கேன் என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"அதனால என்னம்மா, அஞ்சு வயசுல எனக்குத் தெரியாமத்தான எடுத்தேன்..."

"நீ எடுக்கல."

"எம்மா."

"நீ எடுக்கலல. டாக்டர்ட்ட பொய் சொன்னேன். ஒங்க ஆச்சிட்டப் பொய் சொன்னேன். ஒன்ட்டயும் சொன்னேன்."

கைதட்டிக்கொண்டிருந்த யாரோ பாதியில் நிறுத்தினார்கள். தாரிணி பிடித்திருந்த மைக் இன்னும் அணையவில்லை. சொன்னது அத்தனை நாற்காலிக்கும் கேட்டது. கேட்கட்டும். தஸ்நேவிஸின் கை மெதுவாக அவன் இடது கண்ணுக்குப் போயிற்று, தொடாமல் பக்கத்திலேயே நின்றது. அவன் கேட்டபோது அந்தக் குரல் முப்பத்தைந்து வயசுக்காரனுடையதாக இல்லை.

"அப்ப, நான் ஊத்திக்கிடலையா?"

அவள் மனசு எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றது. இந்தத் தடவை தாண்டினாள்.

"நீ சும்மா உக்காந்திருந்தல. ஒரு தப்பும் பண்ணல. ஒன் நாடியப் பிடிச்சு நாந்தான் ஊத்துனேன். நீ கத்துன. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னொரு தரமும் ஊத்துனேன்."